ஈபு வாகினெம் மாதிரியில் இல்லை

அரசியல் துறையில் "ஏன்" என்று கேட்பதற்குத் தடை எதுவும் கிடையாது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கு எதிரே உள்ள நகலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், ஆய்வேடுகளின் மூன்றாம் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். மூன்றாம் அத்தியாயம் என்பது ஆய்வு முறை. எல்லா ஆய்வேட்டிலும் அது ஒன்றுதான், ஊரின் பெயர் மட்டும் மாறும். சில சமயம் அதுவும் மாறாது. துறைமுகத்து மீனவர் சங்கத் தேர்தலைப் பற்றி ஒருவர் எழுதியபோது, மூன்றாம் அத்தியாயம் மட்டும் மலைமேல் ஒரு முட்டைக்கோசு கிராமத்தில் நடந்தது. தேர்வாளர்கள் மூவரும் அதற்கு "மிக நன்று" கொடுத்தார்கள். பக்க ஓரங்கள் மிகச் சரியாக இருந்தன. இடமும் மேலும் நான்கு சென்டிமீட்டர், வலமும் கீழும் மூன்று.

ஜத்மிகோ எங்கள் வட்டாரத்துப் பையன். அரசியல் துறையில் அவனுக்கு அது பதினான்காவது செமஸ்டர். பதினைந்தாவது என்று ஒன்று கிடையாது. ஜூலை கடைசிக்குள் ஆய்வேட்டில் தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், ஏழு வருடமும் போச்சு. பட்டமளிப்புக்கென்று அவன் அப்பா நான்காம் வருடமே பாத்திக் சட்டை தைத்து வைத்துவிட்டார். அதற்குள் அவருக்குத் தொப்பை போட்டு, ஒருமுறை பிரித்தும் தைத்தாயிற்று.

அவன் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. எங்கள் ஆர்.டி.யில், அதாவது அக்கம்பக்கம் சேர்ந்த குட்டி வட்டாரத்தில், முப்பத்தோரு வீடுகள். தலைவர் பாக் கசிமின். எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ஆணைப் பாக் என்றும், பெண்ணை ஈபு என்றும், இளைஞனை மாஸ் என்றும் அழைப்போம். நடுவில் ஓடும் வாய்க்கால் ஒன்பது வருடமாக அடைத்துக் கிடக்கிறது. ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். மூன்று முறையும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். ஏன்?

இதை எடுத்துக்கொண்டு வழிகாட்டியான டாக்டர் ஹர்யோதோவிடம் போனான். டாக்டர் ஹர்யோதோ ஆய்வு முறைப் பாடத்தை முப்பது வருடமாக நடத்துகிறவர். தாளை வாங்கி முதலில் ஓரங்களை ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகுதான் படித்தார்.

"எக்ஸ் எங்க?"

"பாக், நான் ஜனங்ககிட்டப் போய் ஏன்னு கேக்கலாம்னு..."

"ஏன்ங்கறது மாறி இல்ல, மாஸ். அத அளக்க முடியாது. இப்பிடித்தான் போன வருஷம் ஒரு பொண்ணு ஏன், ஏன்னு கேட்டுக்கிட்டே போச்சு. ஆயிரத்து இருநூறு பக்கம் எழுதிக் கொண்டாந்து வெச்சுது. படிக்கவேண்டியதாப் போச்சு எனக்கு."

"அப்ப என்ன பண்றது, பாக்?"

"கசிமின்கிட்ட அளக்கற மாதிரி என்ன இருக்கு?"

ஜத்மிகோ நெடுநேரம் யோசித்தான். "எப்பவும் சிரிச்ச முகமா இருப்பாரு."

"அது எக்ஸ். ஜனங்க நம்பிக்கை ஒய். போ, எழுது."

இப்படித்தான் "வட்டாரத் தலைவரின் புன்னகை குடிமக்களின் நம்பிக்கையில் ஏற்படுத்தும் தாக்கம்" பிறந்தது. தலைப்பு ஒரே நாளில் ஒப்புதல் பெற்றது. துறை வரலாற்றிலேயே அது வேகமான ஒப்புதல். அதற்கு முந்தைய வேகம், துறைத் தலைவரின் மருமகன் எழுதிய "வட்டாரத் தலைவரின் தொப்பி குடிமக்களின் நம்பிக்கையில் ஏற்படுத்தும் தாக்கம்".

அடுத்தது மாதிரி எடுப்பு. எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு. சுலோவின் என்ற ஒருவருடைய வாய்பாடு. எங்கள் ஊரில் அது இல்லாமல் யாரும் பட்டம் வாங்கியதில்லை. மொத்த ஆட்களை எடுத்துக்கொண்டு, ஐந்து சதவீதப் பிழையை அதில் போட்டு வகுக்க வேண்டும். முப்பத்தோரு வீட்டுக்கு இருபத்தெட்டு புள்ளி ஏழு ஏழு வந்தது. முழுமையாக்கினால் இருபத்தொன்பது.

"பாக், மொத்தமே முப்பத்தொண்ணுதான். நானும் அங்கதான் குடியிருக்கேன். எல்லாரையும் கேட்டுட்டா என்ன?"

டாக்டர் ஹர்யோதோ கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் அவர் சொற்பொழிவாற்றப் போகிறார் என்று அர்த்தம்.

"எல்லாரையும் கேட்டா மாதிரியே இல்ல. மாதிரி இல்லேன்னா அனுமானம் இல்ல. அனுமானம் இல்லேன்னா நாலாம் அத்தியாயம் இல்ல. எல்லாரையும் கேட்டா அவங்க நெனைக்கறது அப்பிடியே தெரிஞ்சு போயிடும். அதுக்கு எதுக்குப் புள்ளியியல்? நான் முப்பது வருஷமா கள ஆய்வு சொல்லிக் குடுக்கறேன், மாஸ். ஒருதடவகூடக் களத்துக்குப் போனதில்ல. போனா சார்பு வந்துடும்."

ஆக, இரண்டு வீட்டைக் கழிக்க வேண்டும். அதையும் குலுக்கிப் போட்டுத்தான் கழிக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மாதாமாதம் அரிசான் என்கிற குலுக்கல் சீட்டு நடக்கும். எல்லாரும் ஒரு வீட்டில் கூடி, துண்டுச் சீட்டில் பெயரெழுதி, மூடியில் ஓட்டை போட்ட கண்ணாடித் தம்ளரில் குலுக்குவோம். ஜத்மிகோவும் அந்தத் தம்ளரையே வாங்கிக் குலுக்கினான். முதல் சீட்டு பாக் துகிமின். அவர் நாலு வருடமாக போர்னியோவில் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் வருத்தப்பட வழியில்லை. இரண்டாவது சீட்டு ஈபு வாகினெம்.

ஈபு வாகினெம் முச்சந்தியில் மெந்தோவான் பொரித்து விற்கிறவர். தெம்பே என்கிற சோயாக் கட்டியை மெல்லிசாக வெட்டி, மாவில் தோய்த்து, பாதி வெந்ததும் எடுத்துவிடுவார். வட்டாரத்தில் எது நடந்தாலும் அந்த வாணலியைத் தாண்டித்தான் நடக்கும். தம்ளரிலிருந்து தன் பெயர் வந்ததும் அவர் பரிசு என்று நினைத்து எழுந்து நின்றார். கைதட்டினார்கள்.

"இல்ல ஈபு, பேரு வந்தவங்ககிட்டக் கேக்க மாட்டோம்" என்றான் ஜத்மிகோ.

"என்னது?"

"மத்த இருபத்தொம்பது பேர்கிட்டக் கேள்வி கேட்டு, ஆளுக்கு ஒரு பாக்கெட் சர்க்கரை குடுப்போம். உங்ககிட்டக் கேக்க மாட்டோம்."

"என்கிட்டக் கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"சுலோவின்."

"எந்தத் தெருக்காரன் அவன்?"

ஜத்மிகோவுக்கு அது தெரியவில்லை.

"சர்க்கரை கெடக்குது. இந்த வட்டாரத்துல கல்யாணமோ கருமாதியோ, என்னக் கேக்காம ஒரு அடுப்புப் பத்துனதில்ல. எவனோ ஊரு பேரு தெரியாதவன், முப்பத்தொரு பேர்ல நான் மட்டும் வேண்டாம்னு எப்பிடிச் சொல்லலாம்? எங்க இருக்கான், சொல்லு. நான் பேசிக்கறேன்."

மறுநாள் காலையில் விசேஷங்களுக்குப் போடும் கெபாயாச் சட்டையை உடுத்திக்கொண்டு துறைக்கே போய்விட்டார். வரவேற்பில் சுலோவினைப் பார்க்க வேண்டும் என்றதும், கல்விப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். கல்விப் பிரிவில் அறிமுகக் கடிதம் கேட்டார்கள். மூன்று முத்திரைகள் வேண்டும். அவர் இரண்டை வாங்கிவிட்டார். மூன்றாவது முத்திரைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அதற்குள் செய்தி பரவி, நூலகத்தில் தேட ஆரம்பித்தார்கள். ஓர் ஆய்வேட்டில் "சுலோவின், காண்க: அடுத்த ஆய்வேடு" என்று இருந்தது. அதை எடுத்துப் பார்த்தால் அது இன்னொன்றைக் காட்டியது. பதினேழாவதாக எடுத்தது முதல் ஆய்வேட்டையே திருப்பிக் காட்டியது. பதினேழையும் நான்தான் நகலெடுத்தேன். எனக்கு முன்பே தெரியும், யாரும் கேட்கவில்லை.

கடைசியில் டாக்டர் ஹர்யோதோவே வந்து ஈபு வாகினெமிடம் நிதானமாக விளக்கினார்.

"ஈபு, சுலோவினை யாரும் பாத்ததில்ல. அவருக்கும் யாரையும் தெரியாது. அதனாலதான் அவரு யாருக்கும் சாதகமா நடந்துக்க மாட்டாரு. விஞ்ஞானத்துல இதைவிட நம்பகமான ஆளு கெடைக்கறது கஷ்டம்."

"என்னைத் தெரியாதவரு என்னை எப்பிடி வேண்டாம்னு சொன்னாரு?"

"அதுதான் ஈபு, நடுநிலை."

ஈபு வாகினெம் திரும்பி வந்து, நடுநிலை என்பது ஒருவிதப் படித்த திமிர் என்று மெந்தோவான் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த அரிசானில் கேள்வித்தாள் கொடுத்தார்கள். நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் "மிகவும் ஒப்புகிறேன்" முதல் "சற்றும் ஒப்பவில்லை" வரை ஐந்து கட்டங்கள். பாதிப் பேர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பதால், பாக் கசிமினே ஒலிபெருக்கியைப் பிடித்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஒண்ணு. தலைவரின் புன்னகை மனதுக்கு இதமாக உள்ளது. என்ன சொல்றீங்க?"

"ஒப்புகிறேன்" என்றோம் எல்லாரும் ஒரே குரலில்.

பாக் கசிமினுக்கு வெட்கமாகிவிட்டது. தன் சிரிப்பைப் பற்றித் தானே சொல்வது அழகல்ல என்று பேனாவை மூடினார். ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு தான் மட்டும் ஒதுங்கி நிற்பது மரியாதையில்லை என்று பட்டதால், அவரும் "ஒப்புகிறேன்" போட்டார்.

"ரெண்டு. தலைவரின் புன்னகை நம்பிக்கை தருவதாக இல்லை."

"ஒப்புகிறேன்."

நாற்பதும் அப்படித்தான். முகத்துக்கு நேரே படிக்கிறவரிடம் ஒப்பவில்லை என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். இருபத்தொன்பது தாள்களும் ஒன்றுபோலவே இருந்தன. நான் நகலெடுத்துக் கொடுத்தேனோ என்று முதலாளி என்னைப் பார்த்தார்.

எங்கள் கடையில் தரவுகளைக் கணினியில் போட்டும் கொடுப்போம். முதலாளி எண்களை ஏற்றிப் பொத்தானை அழுத்தினார். விடை வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வந்தது.

"என்ன மாஸ் இது, உன் ஆளுங்கள்ல ஒருத்தருக்கொருத்தர் வேறுபாடே இல்ல. வேறுபாடு சைபர்னா எதையும் கணக்குப் போட முடியாது. பேசாம விடு, நானே பத்து நிமிஷத்துல நல்ல எண்ணாப் போட்டுத் தரேன். போன செமஸ்டர்ல பதினோரு பேரை நான்தான் பாஸாக்குனேன். எல்லாரோட ஜனங்களும் இந்த மேசையிலதான் பொறந்தாங்க."

"வேண்டாம் அண்ணே. ஏழு வருஷம் படிச்சாச்சு. பொய்யா எழுதி வாங்க மனசு வரல."

"நேர்மையா எழுதுனவன் எவனும் இந்தக் கடைக்கு ரெண்டாவது தடவ வந்ததில்ல" என்றார் முதலாளி. அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஜத்மிகோ புள்ளியைக் கொண்டுபோய் டாக்டர் ஹர்யோதோவிடம் காட்டினான். அவர் நெடுநேரம் அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"இவ்ளோ ஒத்துமையா இருக்கறது ஜனநாயகத்துக்கு நல்லதா இருக்கலாம், ஆய்வுக்கு நல்லதில்ல. கொஞ்சம் பேராவது ஒப்பவில்லைன்னு சொல்லணும். போய்க் கேட்டுப் பாரு. கட்டாயப்படுத்தாத. அது நெறிமுறைக்கு விரோதம். கேட்டுக்கோ."

ஜூலை கடைசிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஜத்மிகோ வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, தேநீரை வேண்டாம் என்று சொல்லி, பிறகு குடித்து, கொஞ்சம் ஒப்பாமல் இருக்க முடியுமா என்று கேட்டான்.

"அதுக்கென்ன மாஸ், உனக்காக இதுகூடச் செய்ய மாட்டமா?" என்றார்கள்.

இருபத்தொன்பது வீட்டிலும் அதையே சொன்னார்கள். இருபத்தொன்பது பேரும் நாற்பது வாக்கியத்துக்கும் "ஒப்பவில்லை" போட்டுக் கொடுத்தார்கள். "உன் படிப்பு விஷயம், எதையும் பாக்கி வைக்கல" என்றார் பாக் கசிமின். கணினி மறுபடியும் அதே புள்ளியைக் காட்டியது.

அன்று சாயங்காலம் ஜத்மிகோ முச்சந்தியில், வாணலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழாத குறையாக இருந்தான். ஈபு வாகினெம் அவனுக்குச் சூடாக இரண்டு மெந்தோவான் வைத்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா அந்தப் பொட்டிக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காது ஈபு. ஆளுக்கு ஆளு வேற வேறயா இருக்கணும்."

"என்னைக் கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

"நீங்கதான் மாதிரியில இல்லயே."

"அதுவும் சரிதான். சாப்புடு."

சிக்கலைத் தீர்த்தவர் பாக் கசிமின். வாய்க்காலைத்தான் அவரால் சரிசெய்ய முடியவில்லையே தவிர, முறைப்பட்டியல் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. துப்புரவுக்கு முறை, காவலுக்கு முறை, விசேஷத்துக்குப் பாய் விரிக்க முறை. இதற்கும் ஒரு தாளை ஒட்டினார். வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடுகள் எல்லாவற்றையும் ஒப்ப வேண்டும். மேற்கே உள்ளவை ஒப்பக் கூடாது. மேற்குக்காரர்களுக்குச் சங்கடமாக இருந்தால் அடுத்த ஆய்வில் மாற்றிக்கொள்ளலாம்.

நாலைந்து பேர் தங்கள் முறையை மறந்துவிட்டார்கள். அதுவே நல்லதாகப் போயிற்று. அந்த மறதிக்குப் புள்ளியியலில் பிழை என்று பெயர், அது கொஞ்சம் இருந்தால்தான் நம்புவார்கள். இந்த முறை கணினி புள்ளி காட்டவில்லை. தலைவரின் புன்னகை குடிமக்களின் நம்பிக்கையை எழுபத்தொன்று புள்ளி நான்கு சதவீதம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. டாக்டர் ஹர்யோதோ எண்களைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தியா மாஸ்? களம் எப்பவும் பேசும். நாமதான் பொறுமையா திரும்பத் திரும்பக் கேக்கணும்."

வாய்மொழித் தேர்வு ஜூலை இருபத்தொன்பது. அதற்கு மேல் ஒரு நாள்தான் வேலை நாள். தேர்வாளர்களுக்கு மாணவன்தான் சிற்றுண்டிப் பெட்டி கொடுக்க வேண்டும். விதிப்புத்தகத்தில் அது கிடையாது. ஆனால் அதை மறந்தவன் யாரும் தேறியதும் கிடையாது. ஜத்மிகோ ஈபு வாகினெமிடம் மெந்தோவான் சொன்னான். பெட்டிகளைத் தூக்க அவர் என்னையும் அழைத்துப் போனார்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஜத்மிகோ முடிவுரையில் இருந்தான். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று தேர்வாளர்கள், நடுவில் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ரெட்னோ அம்மையார், பக்கத்தில் டாக்டர் ஹர்யோதோ. பின்வரிசையில் ஜத்மிகோவின் அப்பா அந்த பாத்திக் சட்டையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆகவே, புன்னகையின் தாக்கம் எழுபத்தொன்று புள்ளி நான்கு சதவீதம். மீதி இருபத்தெட்டு புள்ளி ஆறு சதவீதம், இந்த ஆய்வில் ஆராயப்படாத பிற காரணிகள்."

எல்லா ஆய்வேடும் அந்த வாக்கியத்தில்தான் முடியும். ஆராயப்படாத பிற காரணிகள் யார் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அந்த மீதி நான்தான்" என்றார் ஈபு வாகினெம், பெட்டியை மேசைமேல் வைத்தபடி.

பேராசிரியர் ரெட்னோ நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"மெந்தோவான் கொண்டாந்தவ. நானும் அந்த வட்டாரம்தான். என்னைத்தான கேக்காம விட்டாங்க."

பேராசிரியர் ரெட்னோ ஒரு மெந்தோவானை எடுத்துக் கடித்தார். அது சூடாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. "சரி, கசிமினை ஏன் திரும்பத் திரும்பத் தலைவராக்கறீங்க?"

"அவரு எப்பவும் கூட்டத்துக்கு லேட்டா வருவாரு, ஈபு. அந்த வேலை யாருக்கும் வேண்டாம். வந்தவங்க எல்லாம் சேந்து வராதவரைப் போட்டுருவோம். அவரு வரும்போது எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருப்போம்."

"அப்ப அந்தப் புன்னகை?"

"அதா? யாராச்சும் வாய்க்காலப் பத்திக் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம இளிப்பாரு பாவம்."

ஜத்மிகோவையும் அவன் அப்பாவையும் எங்களையும் வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"கெடுத்துட்டேனா?" என்று கேட்டார் ஈபு வாகினெம். குரல் இறங்கிப் போயிருந்தது. "நான் ஒரு கிறுக்கி. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"இல்ல ஈபு. ஏழு வருஷமா இதத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்" என்றான் ஜத்மிகோ. அவன் அப்பா சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார்.

அந்த அறையின் கதவு ஒட்டுப்பலகை. உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"அந்தம்மா சொல்றது சரியா இருக்குமோ?" இது பேராசிரியர் ரெட்னோ.

"சரியா தப்பாங்கறது நம்ம வேலையில்ல, ஈபு. மாதிரியில இருக்காங்களா?" இது டாக்டர் ஹர்யோதோ.

"இல்ல."

"அப்ப புள்ளியியல்படி அவங்க உள்ளயே வரல."

"மெந்தோவானத் தின்னுட்டோமே" என்றார் மூன்றாமவர்.

"அது பின்னிணைப்பு" என்றார் டாக்டர் ஹர்யோதோ.

ஜத்மிகோ தேறினான். திருத்தங்கள் இரண்டு. அறுபத்திரண்டாம் பக்கத்தில் கீழ் ஓரம் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தில் "வருங்கால ஆய்வாளர்கள் ஈபு வாகினெமைக் கேட்கலாம்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மறுநாள் காலையில் இரண்டையும் திருத்தி நானே தைத்துக் கொடுத்தேன். அவன் அப்பா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கைகளை வீசி நடந்தார். அக்குள் தையல் விட்டது, அவர் கவனிக்கவில்லை.

அடுத்த செமஸ்டரில் ஒன்பது மாணவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு ஈபு வாகினெமை ஆய்வுப் பொருளாக எடுத்தார்கள். மொத்தமே ஒருவர். சுலோவின் வாய்பாட்டில் போட்டால் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்பது ஏழு ஐந்து ஈபு வாகினெம் வந்தது. முழுமையாக்க டாக்டர் ஹர்யோதோ எழுத்தில் அனுமதி கொடுத்தார்.

ஒன்பது பேரும் வாணலிக்கு முன்னால் வரிசையாக நின்று பாக் கசிமினை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஈபு வாகினெம் ஒருவனிடம் அவர் தொப்பிக்காக என்றார். இன்னொருத்தியிடம் அவர் மனைவியின் கைச்சமையலுக்காக என்றார். மூன்றாமவனிடம் அவர் ஜாதகம் அப்படி என்றார். ஒன்பது பேருக்கும் ஒன்பது பதில்.

"ஏன் ஈபு, உண்மையச் சொல்லலாமே?" என்று ஜத்மிகோ கேட்டான். எங்கள் கடையில் வேலை விண்ணப்பங்களை நகலெடுத்துவிட்டுத் திரும்பியவன், அங்கே மெந்தோவான் தின்றுகொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் ஒரே பதிலச் சொன்னா அந்தப் பொட்டி புள்ளி வெக்குமே. பாவம், புள்ளைங்க பாஸாக வேண்டாமா?" என்றார் ஈபு வாகினெம், மாவைக் கலக்கிக்கொண்டே.